பாங்காக்கிலிருந்து ஒரு நாள் பயணம்: திரும்பும் வண்டியிலிருந்து தொடங்கும் திட்டம்

பாங்காக்கில் எந்த விடுதியில் தங்கினாலும் வரவேற்பு மேசையில் அந்தத் துண்டுப்பிரசுரம் இருக்கும். காலையில் மிதக்கும் சந்தை, அடுத்து ரயில் சந்தை, மதியத்துக்குப் பின் அயுத்தயா, இருட்டுவதற்குள் விடுதி. விலையும் மலிவாகத்தான் தெரியும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். அயுத்தயா வடக்கே சுமார் 80. நடுவில் இருப்பது பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல். அந்த நாளில் நீங்கள் அதிக நேரம் பார்க்கப்போவது வேனில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பின்னந்தலையைத்தான்.

ஒரு நாளுக்கு ஒரு திசை என்பது இந்த வழிகாட்டியின் முதல் விதி. எப்போது கிளம்புவது என்று யோசிப்பதற்கு முன் எதில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்வது இரண்டாவது விதி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை எல்லாம் போகிற போக்கில் சமாளித்துக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த நிலையத்திலிருந்து?

பாங்காக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டுப் பயனில்லை. உங்கள் விடுதியிலிருந்து வண்டி கிளம்பும் இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கணக்கு. புறப்படும் இடங்கள் நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கின்றன.

வடக்கே போகும் ரயில்களுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. 1916-இல் திறக்கப்பட்ட பழைய ஹுவா லம்போங் ஒன்று. பாங் சூ பகுதியில் எழுந்திருக்கும் பிரம்மாண்டமான குருங் தேப் அபிவட் நிலையம் இன்னொன்று. 2023 ஜனவரியில் நெடுந்தூர விரைவு வண்டிகள் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. மலிவான சாதாரண ரயில்கள் இன்னும் ஹுவா லம்போங்கிலிருந்தே கிளம்புகின்றன. டிக்கெட்டில் எந்த நிலையம் இருக்கிறது என்று பார்க்காமல் கிளம்பினால் ரயில் போய்விடும். இரண்டையும் எம்ஆர்டி மெட்ரோவின் நீலத்தடம் இணைக்கிறது என்றாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அரை மணி நேரமாவது ஆகும்.

காஞ்சனபுரிக்குப் போகும் சாதாரண ரயில் இந்த இரண்டிலிருந்தும் கிளம்புவதில்லை. சாவ் பிராயா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தொன்புரி என்ற சிறிய நிலையத்திலிருந்து கிளம்புகிறது. மேக்லாங் ரயில் சந்தைக்குப் போகும் தடமோ வொங்வியன் யாய் என்ற இன்னொரு குட்டி நிலையத்தில் தொடங்குகிறது. வேன்களில் போவதென்றால் வடக்குத் திசைக்கு மோ சிட் பேருந்து நிலையம், மேற்குக்கும் தென்மேற்குக்கும் சாய் தாய் மாய் எனப்படும் தெற்குப் பேருந்து நிலையம். சாய் தாய் மாய்க்கு மெட்ரோ கிடையாது. டாக்சியில்தான் போக வேண்டும்.

ஆகவே சுகும்வித் சாலையில் தங்கியிருப்பவருக்கும் பழைய நகரப் பகுதியில் தங்கியிருப்பவருக்கும் ஒரே பயணத்தைப் பரிந்துரைக்க முடியாது. பழைய நகரத்திலிருந்து தொன்புரி நிலையத்துக்கு ஆற்றைக் கடந்தால் போதும். சுகும்வித்திலிருந்து விடியற்காலையில் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: திரும்பும் வண்டி

காலையில் கிளம்ப வழிகள் பல. திரும்புவதற்கு அப்படியில்லை. சிறிய தடங்களில் மாலை ரயில் ஒன்றுதான் இருக்கும். வேன்கள் இருட்டியதும் குறையத் தொடங்கும். ஊருக்குப் போய் இறங்கியவுடன், கோயிலைப் பார்க்கும் முன்பாகவே, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடைசி வண்டியை நம்பித் திட்டமிடாதீர்கள். அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாகத் திட்டமிடுங்கள்.

கீழே சொல்லியிருக்கும் ரயில் நேரங்கள் பல காலமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் இருப்பவை. ஆனாலும் முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் அயுத்தயா போங்கள். இரண்டு நாள் இருந்தால் அடுத்தது காஞ்சனபுரி. குழந்தைகளோடு போகிறவர்கள், வேடிக்கை பார்ப்பதில் பிரியமுள்ளவர்கள் மேக்லாங் தடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அயுத்தயா

1350 வாக்கில் நிறுவப்பட்டு, 1767-இல் பர்மியப் படை எரித்து அழிக்கும் வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகராக இருந்த ஊர். சாவ் பிராயா, பா சக், லொப்புரி ஆகிய மூன்று ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவாக அமைந்திருக்கிறது. 1991-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஹுவா லம்போங்கிலிருந்து மூன்றாம் வகுப்பு சாதாரண ரயிலில் போவதே சிறந்தது. கட்டணம் சுமார் 20 பாட். முன்பதிவு கிடையாது, கவுண்டரில் டிக்கெட் வாங்கி ஏறி உட்கார வேண்டியதுதான். மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையோடு வந்து தின்பண்டம் விற்பவர்கள் என்று நம் பாசஞ்சர் வண்டிகளில் போய்ப் பழகியவர்களுக்கு எல்லாமே தெரிந்ததாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்குள் கிளம்பப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் இடிபாடுகளுக்கு இடையே இரண்டு மணி நேரமாவது கிடைக்க வேண்டும்.

ரயில் நிலையம் தீவுக்கு வெளியே, பா சக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வாசலில் டுக் டுக் (ஆட்டோ) ஓட்டுநர்கள் படங்கள் ஒட்டிய அட்டையோடு சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி எதிரே உள்ள தெருவில் நேராக நடந்தால் படகுத்துறை வரும். சில பாட் கொடுத்தால் அக்கரையில் விட்டுவிடுவார்கள். நிலையத்துக்கு அருகிலும் படகுத்துறைப் பக்கத்திலும் வாடகை மிதிவண்டிக் கடைகள் உண்டு. தீவு சமதரை, மிதிப்பது கஷ்டமில்லை. ஆனால் மார்ச் முதல் மே வரை மிதிவண்டியை மறந்துவிடுங்கள். தவளை முகம் போன்ற முன்பக்கம் கொண்ட அயுத்தயா டுக் டுக்கை மணிக் கணக்கில் பேசி எடுத்துக்கொள்ளலாம். எந்தெந்தக் கோயில், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

எல்லாக் கோயில்களையும் பார்க்க முயல வேண்டாம். நான்காவது கோயிலுக்குப் பிறகு எல்லாச் செங்கல்லும் ஒரே செங்கல்லாகத் தெரியும். இந்த வரிசை போதும்.

காலையில் முதலில் வாட் மஹாதாட் (வாட் என்றால் கோயில்). அரசமர வகையைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே சிக்கிய புத்தர் தலை இங்கேதான் இருக்கிறது. படம் எடுக்கும்போது உங்கள் தலை புத்தரின் தலையைவிட உயராதபடி தரையில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். வளாகம் முழுக்கத் தலையில்லாப் புத்தர் சிலைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் பின்னால் நின்று தன் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அசட்டுத்தனம் தயவுசெய்து வேண்டாம்.

சாலையைக் கடந்தால் வாட் ராட்சபுரண. என் கணக்கில் அயுத்தயாவில் மிகச் சுவையான இடம் இது. அரியணைக்காக யானை மீதேறிப் போரிட்ட இரண்டு அண்ணன்மார் ஒருவரையொருவர் கொன்றுவிட, பட்டம் மூன்றாவது தம்பிக்கு வந்தது. அவர்களை எரித்த இடத்தில் அந்தத் தம்பி 1424-இல் எழுப்பிய கோயில் இது. நடுக் கோபுரத்தின் உள்ளே செங்குத்தான படிகள் நிலவறைக்கு இறங்குகின்றன. சுவரில் மங்கிய ஓவியங்கள் இருக்கின்றன. 1957-இல் திருடர்கள் இந்த நிலவறையைத் தோண்டிப் பொன்னாலான பொருட்களை அள்ளிச் சென்றார்கள். மீட்கப்பட்டவையும் மிஞ்சியவையும் அதே தீவில் உள்ள சாவ் சாம் பிராயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோயிலைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போவதுதான் சரியான வரிசை. வெறும் கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னைப் பார்ப்பது வேறு, அது கிடந்த குழிக்குள் இறங்கிவிட்டு வந்து பார்ப்பது வேறு. உச்சி வெயிலுக்கு ஒதுங்கவும் அருங்காட்சியகம் உதவும்.

பிற்பகலில் மூன்று பெரிய சேதிகள் (பௌத்தத் தூபிகள்) வரிசையாக நிற்கும் வாட் பிரா சி சன்பேட். அரண்மனைக் கோயிலாக இருந்ததால் இங்கே பிக்குகள் வசிக்கவில்லை. கடைசியாகத் தீவுக்கு வெளியே மேற்குக் கரையில் உள்ள வாட் சாய்வத்தனாராம். 1630-இல் மன்னர் பிரசாத் தோங் கெமர் பாணியில் கட்டியது. மாலை வெயில் இதன் மேல் விழும் நேரத்துக்குப் போங்கள். இங்கிருந்து ரயில் நிலையம் தீவின் நேர் எதிர்ப்புறம் இருக்கிறது. டுக் டுக்கைக் காத்திருக்கச் சொல்வது நல்லது. பாங்காக் திரும்ப இரவிலும் ரயில்கள் உண்டு என்பதால் இந்த ஊரில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

போகும் வழியில் ரொட்டி சாய் மாய் வாங்கத் தவறாதீர்கள். மெல்லிய ரொட்டிக்குள் நூல் நூலான சர்க்கரையைச் சுருட்டிச் சாப்பிடும் பண்டம். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் கைவண்ணம்.

காஞ்சனபுரி

இந்தப் பயணத்தை உல்லாசப் பயணம் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். குவாய் நதிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தமிழர்கள் அப்படித் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதையை அமைத்தது. அந்தப் பாலம் இந்தப் பாதையின் ஒரு பகுதிதான். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இதில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களில் ஏராளமானோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பின்னர் வலுக்கட்டாயமாகவும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். காலராவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. மலேசியத் தமிழர்கள் இதை இன்றும் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள்.

ஊர் நடுவே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் செப்பமாகப் பராமரிக்கப்படுகிறது. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தனையும் போர்க்கைதிகளுடையவை. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல்லறை கிடையாது. இறந்தவர்களை எண்ணிக் குறித்து வைத்தவரும் இல்லை. வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயிலில் அவர்களுக்கென ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கும் போங்கள், அதிகத் தூரமில்லை. கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகம் முழு வரலாற்றையும் நிதானமாகச் சொல்கிறது. பாலத்துக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

ரயில் தொன்புரியிலிருந்து காலை 7.45 வாக்கில் கிளம்பி, பத்தரை மணியை ஒட்டிக் காஞ்சனபுரி சேரும். வெளிநாட்டவருக்கு எவ்வளவு தூரம் போனாலும் 100 பாட். இனி இரண்டு விதமாகத் திட்டமிடலாம்.

ஒன்று: காஞ்சனபுரியிலேயே இறங்கி, நடந்தே கல்லறைத் தோட்டம், அருங்காட்சியகம், சாப்பாடு, பிறகு சாங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டியில் பாலம். பிற்பகல் 2.40 வாக்கில் பாலத்தைக் கடந்து வரும் அதே ரயிலில் ஏறினால் ஐந்தே முக்காலுக்குத் தொன்புரி. அவசரமில்லாத நாள் வேண்டுமென்றால் இது.

இரண்டு: ரயிலை விட்டு இறங்காமல் கடைசி நிலையமான நாம் தோக் வரை போவது. மலைப்பாறையை ஒட்டி, ஆற்றின் மேல் மரத்தூண்களில் நிற்கும் தாம் கிராசே பாலத்தின் மீது ரயில் ஊர்ந்து போகும். போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் ஆறு தெரியும். நாம் தோக்கில் சிறிது நேரமே நின்று வண்டி திரும்பிவிடும். வரும் வழியில் இரண்டே முக்காலுக்குக் காஞ்சனபுரியில் இறங்கி, அருங்காட்சியகம் மூடுவதற்குள் அங்கே போய்விட்டு, மாலை வேனில் பாங்காக் திரும்பலாம். நீண்ட நாள்தான், ஆனால் நான் இதையே சொல்வேன். அந்தப் பாதையில் அந்த வேகத்தில் போனால்தான் அதைக் கையால் வெட்டியவர்களின் உழைப்பு புரிகிறது.

பாலத்தில் கவனிக்க ஒன்று: வளைந்த இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நடுவில் நேர்கோணமாக இருக்கும் இரண்டு சட்டங்கள், குண்டுவீச்சில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் பின்னர் வைத்தவை.

சனி, ஞாயிறுகளில் காலை ஆறரை மணிக்கு ஹுவா லம்போங்கிலிருந்து சிறப்புச் சுற்றுலா ரயிலும் உண்டு. அது நகோன் பதோமில் நின்று, சுமார் 120 மீட்டர் உயரமுள்ள பிரா பதோம் சேதியையும் காட்டிவிட்டுப் போகும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே வாங்கிவிடுங்கள்.

மேக்லாங், அம்பவா

சந்தைக்கு நடுவே ரயில் வருவதும், கடைக்காரர்கள் நொடியில் பந்தலை மடக்கிக் காய்கறித் தட்டுகளை இழுத்துக்கொள்வதும் காணொளிகளில் எல்லோரும் பார்த்ததுதான். வேனில் போய் ஓரமாக நின்று அதைப் படம்பிடிப்பவர்களே பெரும்பாலோர். அந்த ரயிலுக்கு உள்ளே உட்கார்ந்து சந்தைக்குள் நுழைவது அதைவிடச் சுவாரசியம். செலவும் மிகக் குறைவு.

பிடிஎஸ் எனப்படும் உயரப்பாதை ரயிலின் வொங்வியன் யாய் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடைகளுக்குள் ஒளிந்திருக்கும் ரயில் நிலையம் வரும். அதே பெயர் கொண்ட வேறு நிலையம் என்பதை மறக்க வேண்டாம். காலை 7.40 ரயிலில் ஏறுங்கள்; மஹாசாய்க்கு 10 பாட், ஒரு மணி நேரம். மஹாசாய் மீன்பிடித் துறைமுகம், ரயில் சந்தைக்குள்ளேயே போய் நிற்கும். அங்கே தண்டவாளம் முடிகிறது. படகில் தா சின் ஆற்றைக் கடந்து, அக்கரையில் நடந்தோ மூன்று சக்கர வண்டியிலோ பான் லேம் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து 10.10 ரயில் 11.10-க்கு மேக்லாங் சந்தைக்குள் நுழையும். அடுத்த ரயில் பிற்பகல் ஒன்றரைக்குத்தான் என்பதால் 10.10-ஐத் தவறவிடக் கூடாது. உப்பளங்களைத் தாண்டிப் போகும் இந்தத் தடத்தில் ஆட்டம் அதிகம், முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியவுடன் சந்தையில் இடம் பிடித்து நில்லுங்கள். அதே ரயில் 11.30-க்குத் திரும்பிப் போகும். ஆக உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்தாகிவிடும். கழுத்தை வளைத்து மூங்கில் கூடையில் அடுக்கி விற்கும் பிளா தூ மீன் இவ்வூரின் பெருமை. நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு, சுவையிலும் தெரியும்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் சாங்தேவ் பிடித்து அம்பவா போங்கள். பிற்பகலிலிருந்து கால்வாயில் படகுகளிலேயே இறாலும் கணவாயும் சுட்டு விற்பார்கள். பாங்காக்வாசிகளே வார இறுதிக்குக் கூடும் சந்தை இது. தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தையைவிட எனக்கு இது பிடிக்கும். அங்கே இன்று சுற்றுலாப் பயணிகள் சுற்றுலாப் பயணிகளையே வேடிக்கை பார்க்கிறார்கள். படகுக் கட்டணமும் ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

அம்பவாவின் மின்மினிப் படகுச் சவாரி பற்றி எல்லோரும் சொல்வார்கள். இருட்டிய பிறகே மின்மினி. பாங்காக் வேன்கள் அதற்குள் அடங்கத் தொடங்கிவிடும். மின்மினி பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு வேன் நிலையத்தில் இருங்கள். வழியில் ராமா 2 சாலை இருக்கிறது. முடிவே இல்லாத கட்டுமான வேலைக்குத் தாய்லாந்துக்காரர்களே கேலி செய்யும் சாலை அது. ஞாயிறு மாலை அதில் சிக்கினால் நேரத்துக்குக் கணக்கே கிடையாது.

எழுந்திருக்கத் தாமதமானால்

பத்து மணிக்கு மேல் எழுந்தவர்கள் மேற்சொன்ன எதையும் முயல வேண்டாம். க்ளோங் தோய் படகுத்துறையிலிருந்து ஆற்றைக் கடந்தால் பாங் கிரசாவ். ஆறு வளைத்துக் கட்டிய பசுமைப் பகுதி, வாடகை மிதிவண்டி, தென்னையும் நீர்ப்பனையும். சில இடங்களில் தடுப்பில்லாத ஒடுங்கிய பாலங்கள் சதுப்பின் மேல் போகின்றன. சிறுவர்களை இறங்கி நடக்கச் சொல்லுங்கள். அல்லது பிடிஎஸ்ஸில் கடைசி நிலையமான கேஹா வரை போய், டாக்சியில் முவாங் போரான். தாய்லாந்தின் முக்கியக் கட்டடங்களின் மாதிரிகளை ஒரே வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மாதிரிதானே என்று நானும் அலட்சியமாகத்தான் நினைத்தேன். இன்று அழிந்துபோன அயுத்தயா அரண்மனை மண்டபத்தை அங்கேதான் முழு உருவில் பார்க்க முடியும்.

சாப்பாடு, உடை, சில்லறை

சைவ உணவுக்காரர்களுக்கு வெளியூர் கொஞ்சம் சோதனைதான். காய்கறி மட்டும் போட்ட குழம்பிலும் மீன் சாறான நாம் பிளாவோ இறால் விழுதான கபியோ இருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் போதாது. "கின் ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ஜே கடை. அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. எங்கும் கிடைக்காவிட்டால் பழங்கள் உண்டு, மாம்பழம் சேர்த்த ஒட்டும் சோறு உண்டு, வழியெங்கும் 7-இலெவன் கடைகள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே ஏதாவது கட்டி எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். எளிதில் கழற்றும் செருப்பு நல்லது. நூறு, இருபது பாட் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள். படகுத்துறையிலும் சாங்தேவிலும் ஆயிரம் பாட் தாளை நீட்டினால் முறைப்பார்கள்.

காலமும், அடித்துவிட வேண்டிய பெயர்களும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு. பாங்காக்கே ஊருக்குக் கிளம்பும் என்பதால் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது. அந்த நாட்களில் நகரத்துக்குள்ளேயே நனைந்துகொண்டிருங்கள். செப்டம்பர், அக்டோபரில் அயுத்தயாவின் ஆறுகள் பெருகும். 2011 வெள்ளத்தில் கோயில்களே நீரில் நின்றன. அந்த மாதங்களில் முந்தைய நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எரவான் அருவியைப் பலர் காஞ்சனபுரியோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழு அடுக்கு அருவி, அழகுதான். ஆனால் காஞ்சனபுரி நகரத்திலிருந்தே இன்னும் 65 கிலோமீட்டர். பொதுப் போக்குவரத்தில் போனால் முதல் இரண்டு அடுக்குகளைப் பார்ப்பதற்குள் திரும்பும் பேருந்து வந்துவிடும். காவ் யாய் தேசியப் பூங்காவுக்குள் சுற்றச் சொந்த வண்டி வேண்டும். ஹுவா ஹின் கடற்கரை சுமார் 200 கிலோமீட்டர். சாமெட் தீவுக்குப் பேருந்தும் படகும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். இவை நான்கையும் ஒரு நாள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, இரவு தங்கும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.